ஜெபமலரும் கட்டை மெசினும்

லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களில் யாராவது மரத்தை வெட்டிவிட்டு அடிக்கட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால், "மலரக்காவுக்கு ஒரு போன் கோல் எடு" என்பார்கள். மலரக்கா என்கிற ஜெபமலருக்கு நாற்பத்து மூன்று வயது. ஆள் குள்ளம். வேலைக்கு வரும்போது கணுக்காலை மூடும் சப்பாத்து, கணவர் எட்வர்டின் பழைய டெனிம் கால்சட்டை, தொப்பிக்குள் சுருட்டி அடக்கிய முடி, காதுக்குப் பெரிய மூடி, கண்ணுக்குப் பிளாஸ்டிக் கண்ணாடி. முதல் தடவை பார்ப்பவர்கள், "மெசின் பாஸ் எந்த ஊரு?" என்று எட்வர்டிடம்தான் கேட்பார்கள். எட்வர்டும் சிரிக்காமல், "எங்க வீடுதாங்க" என்பார்.

மெசின், பின்னால் நின்று கையால் தள்ளிக்கொண்டு போகிற வகை. முன்னால் ஓர் இரும்புச் சக்கரம், அதன் விளிம்பெல்லாம் பற்கள். நடுவில் பெற்றோல் என்ஜின். பின்னால் நீண்ட கைப்பிடி. சக்கரம் சுழலும்போது கைப்பிடியை இடமும் வலமுமாக அசைத்தால், தேங்காய் துருவுவதுபோல் கட்டை மேலிருந்து தூளாகிக்கொண்டே வரும். கைப்பிடியோடு ஒரு பிடி இருக்கிறது. அதை அழுத்திக்கொண்டிருக்கும் வரைதான் என்ஜின் ஓடும். கையை எடுத்தால் நின்றுவிடும்.

இந்த மெசின் அவளிடம் வந்ததே ஒரு வேடிக்கை. எல்ல என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் அவள் அறை சுத்தம் செய்துகொண்டிருந்தாள். ஹோட்டல் முதலாளி வெளிநாட்டிலிருந்து இறக்கிய மெசின், இரண்டு கட்டை அரைத்ததும் மூச்சு நின்று, குசினிக்குப் பின்னால் கோழிகள் ஏறி உட்காரும் இடமாகிவிட்டது. பழைய இரும்புக்காரன் வந்த அன்று ஜெபமலர் போய், "ஐயா, அத நான் எடுத்துக்கவா?" என்று கேட்டாள். முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். அதற்கு முன் தோட்டத்தில் ஆறு வருடம் புல்வெட்டும் மெசினை முதுகில் சுமந்து மலையேறியவள் அவள் என்பது அவருக்குத் தெரியாது. "கொண்டு போறதுன்னா கொண்டு போ. கோழியையும் சேத்துக் கொண்டு போயிடாத" என்றார்.

காற்று வடிகட்டியில் மரத்தூள் அடைத்திருந்ததுதான் நோய்; அதன்மேல் கோழி இறகு வேறு. அவளும் எட்வர்டும் அதைக் கழுவிக் காயவைத்து, கெட்டுப்போன பெற்றோலை வடித்து, புது ஒயில் ஊற்றினார்கள். கயிற்றை நாலு தடவை இழுத்ததும் மெசின் உறுமியது. ஆனால் அவள் உடனே வேலைக்குக் கிளம்பவில்லை. மெசினோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தைப் போனில் படம் பிடித்து, பக்கம் பக்கமாகத் தமிழில் மாற்றிப் படித்தாள். போனின் தமிழ் ஒரு தினுசு. "பற்களைத் தொடும் முன் தீப்பொறித் தொப்பியைக் கழற்றவும்" என்று அது சொன்னபோது, எட்வர்ட் பணிவாகத் தன் தலைத்தொப்பியைக் கழற்றினார்.

"ஒங்க தொப்பி இல்லீங்க! பிளக் கெப்! என்ஜினுக்கு நெருப்புப் போற வயரு!"

அந்த வரியை அப்படிக் கத்திப் படித்தவளே, இரண்டாம் மாதத்தில் அதை மறந்தாள். பசறைப் பக்கம் ஒரு விடுதியில் அவசர வேலை. பிளக் கெப்பைக் கழற்றாமல், சூடான என்ஜினோடு, பல்லைப் பார்க்கச் சக்கரத்தைக் கையால் உருட்டினாள். என்ஜின் ஒரே ஓர் உதறு உதறியது. இடது சுண்டுவிரல் நகம் போனது. விரல் தப்பியதே பெரிது என்றார் பதுளை ஆஸ்பத்திரி டொக்டர். அன்றிலிருந்து ஜெபமலர் வேலை செய்யும் இடத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். அவசரம் என்ற சொல்லை யாராவது சொன்னால் அவளுக்குச் சுண்டுவிரல் துடிக்கும்.

போன மார்ச் மாதம் லுணுகலைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையிலிருந்து அதிபர் விஜயலெட்சுமி கூப்பிட்டார். விளையாட்டு மைதானத்தில், ஓடுபாதை வளைகிற இடத்தில், தைல மர வகையான பழைய டர்பன்டைன் மரத்தின் கட்டை ஒன்று நின்றது. முந்தின வருட அஞ்சலோட்டத்தில் ஒரு பிள்ளை அதில் இடறி விழுந்து காறையெலும்பு முறிந்திருந்தது.

"சனிக்கிழம விளையாட்டுப் போட்டி. வெள்ளிக்கிழமதான் மைதானம் சும்மா இருக்கு. முடியுமாம்மா?"

"முடியும் டீச்சர். தண்ணி பைப் எங்க போகுதுன்னு மட்டும் கேட்டு வைங்க" என்றாள் ஜெபமலர்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சின்ன லொறியில் மெசின் போய் இறங்கியது. கட்டை, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கடதாசிச் சீட்டு விளையாடலாம் போல அகலம். தண்ணீர்க் குழாய் அந்தப் பக்கம் இல்லவே இல்லை என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கத் தலைவர் றொபின்சன் அடித்துச் சொன்னார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் போன் மாட்டும் முக்காலி. வேலை முழுவதையும் முகநூலில் நேரலையாகக் காட்டப்போவதாக ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தார்.

ஜெபமலர் அவர் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு, ஒரு மெல்லிய கம்பியால் கட்டையைச் சுற்றி மண்ணைக் குத்திக் குத்திப் பார்த்தாள். மூன்றாவது குத்தில் 'டொக்' என்றது. தோண்டினால், ஒரு முழ ஆழத்தில் கறுப்புக் குழாய்.

"இது எப்ப வந்துச்சு?" என்றார் றொபின்சன்.

குழாய் போகிற பக்கத்தில் ஒரு கோடு கிழித்து, அதைத் தாண்டி அரைப்பதில்லை என்று முடிவாயிற்று. பிறகு கல் பொறுக்கும் வேலை. சக்கரம் கல்லில் பட்டால் கல் துப்பாக்கிக் குண்டு மாதிரிப் பறக்கும். எட்வர்ட் இரண்டு வாளி கல் அள்ளினார். பிறகு அறுபது அடி தள்ளி, சுற்றிவரக் கயிறு. அந்தக் கயிற்றுக்குள் ஜெபமலரைத் தவிர வேறு யாரும் கால் வைக்கக் கூடாது. எட்வர்டும் கூடாது.

மெசினைக் கட்டையின் மேட்டுப் பக்கமாக நிறுத்தி, உருளாதபடி ஒரு பக்கச் சில்லைப் பூட்டி, பற்களை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்துவிட்டு அவள் மெசினின் கயிற்றை இழுத்தாள். மெசின் கிளம்பியது. ஒரு விரற்கடை இறக்கி, வலம் இடம், வலம் இடம். டர்பன்டைன் வாசனை மைதானம் முழுவதும் பரவியது. சளிபிடித்தவன் மூக்குக்கூடத் திறந்திருக்கும்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. றொபின்சன் போனை நீட்டிக்கொண்டு கயிற்றைத் தாண்டினார். ஜெபமலர் பிடியை விட்டாள். என்ஜின் நின்றது. சக்கரம் முழுதாக அடங்கும்வரை அசையாமல் நின்றாள். றொபின்சன் வெளியே போனார். அவள் மறுபடி கிளப்பினாள். அவர் மறுபடி வந்தார். இப்படி நாலு தடவை.

"அண்ணே, நீங்க உள்ள வர்ற ஒவ்வொரு தடவையும் நான் நிப்பாட்டுவேன். சாயங்காலம் வரைக்கும் இப்பிடியே வெளையாடலாம். எனக்கு ஒண்ணும் இல்ல."

"நாந்தான் தள்ளி நிக்கிறேனேம்மா. போன மட்டும் முக்காலியில கிட்ட வச்சுக்கறேன். போனுக்கென்ன?"

"அது ஒங்க போனு, ஒங்க பாடு."

முக்காலி கயிற்றுக்குள், றொபின்சன் கயிற்றுக்கு வெளியே. வேலை நன்றாகவே ஓடியது. பத்து மணிக்குக் கட்டையில் கால்வாசி தூளாகியிருந்தது. பத்தரைக்கு 'டங்!' என்று ஒரு சத்தம். அவள் கை பிடியை விட்டதும், முக்காலி மல்லாந்து விழுந்ததும் ஒரே கணம்.

எல்லாம் அடங்கியபின், பிளக் கெப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, அவள் குனிந்து பார்த்தாள். கட்டையின் உள்ளே இரும்புக் கம்பி. எந்தக் காலத்திலோ வொலிபோல் வலை கட்டச் சுற்றிய கம்பியை மரம் தின்று வளர்ந்திருக்கிறது. சக்கரத்தில் இரண்டு பல் உடைந்திருந்தன. ஒரு துண்டு, சக்கரத்தைச் சுற்றித் தொங்கும் ரப்பர்த் திரையில் குத்தி நின்றது. திரைக்கடியில் நழுவிப் பறந்த மற்றத் துண்டு முக்காலியின் காலை நடுவில் ஒடித்திருந்தது. போனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது வானத்தைப் பார்த்தபடி நேரலையைத் தொடர்ந்துகொண்டிருந்தது.

றொபின்சன் ஒடிந்த காலைக் கையில் எடுத்துப் பார்த்தார். அது தன் முழங்கால் உயரத்தில் ஒடிந்திருப்பதையும் பார்த்தார். அப்புறம் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

ஆனால் ஜெபமலர், "பல்லு மாத்தாம ஓட்ட ஏலாது" என்றதும் அவருக்குத் தைரியம் திரும்பிவிட்டது.

"ரெண்டு பல்லுதானேம்மா? எங்கப்பா கடைசி வரைக்கும் நாலு பல்லுல கறி தின்னாரு."

"ஒங்கப்பா நிமிசத்துக்கு ரெண்டாயிரம் தடவ சுத்தலையே அண்ணே."

அதிபர் விஜயலெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். ஒரு பக்கம் பல் குறைந்தால் சக்கரம் சமநிலை தப்பி ஆடும், ஆட்டம் கூடினால் சக்கரத்தைத் தாங்கும் பெயரிங் போகும், மற்றப் பற்களும் கழன்று பறக்கும் என்று ஜெபமலர் பொறுமையாக விளக்கினாள். அவளிடம் மாற்றுப் பல் ஒன்றுதான் இருந்தது, அதுவும் தேய்ந்தது. பதுளையில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் ரிப்கானுக்குப் போன் போட்டாள்.

"ரிப்கான் நானா, ரெண்டு பல்லு அவசரமா வேணும்" என்றவள், சொல்லி முடிக்கும் முன்பே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"தங்கச்சி வாயில அவசரமா? அப்ப விசயம் பெருசுதான்" என்று ரிப்கான் சிரித்தார். "பன்னெண்டு மணி பஸ்ஸில குடுத்து விடுறேன். கொண்டக்டர்கிட்ட வாங்கிக்க."

பஸ் பசறையில் நின்று, வழியெல்லாம் நின்று, லுணுகலைக்கு வந்து சேர இரண்டே கால். எட்வர்ட் பொட்டலத்தோடு மைதானத்துக்கு ஏறும்போது மழையும் கூடவே ஏறியது. பற்களை மாட்டி முறுக்கி முடித்தபோது மணி மூன்று. மழை விட்டபோது நாலரை. வளைவு சரிவான இடம். செம்மண் வெண்ணெய் மாதிரி வழுக்கியது. ஜெபமலர் சப்பாத்துக் காலை ஊன்றி ஒரு தடவை தேய்த்துப் பார்த்தாள். கால் அரை அடி தானாக நகர்ந்தது.

மைதானத்தின் ஓரத்தில் தகப்பன்மாரும் தாய்மாரும் கூடியிருந்தார்கள். கட்டையில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. எல்லோர் கண்ணும் அவள்மேல். "கொஞ்சம் பாத்து ஓட்டினா முடிஞ்சிரும்" என்று யாரோ சொன்னார்கள். அவளுக்கும் உள்ளுக்குள் ஓட்டிவிடத்தான் ஆசை. முடியாது என்று சொன்னால் நாளைக்கு ஊர் என்ன பேசும் என்பது அவளுக்குத் தெரியும். பொம்பளை மெசின் ஓட்டினால் இப்படித்தான் என்று ஆரம்பிப்பார்கள். சுண்டுவிரலை மற்ற விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், இன்னைக்கி ஏலாது. காலு வழுக்கினா மெசின் என் மேல வரும், இல்லாட்டி பைப் மேல போகும். காலையில வெளிச்சம் வந்ததும் தொடங்குறேன். எட்டரைக்குள்ள முடிச்சுத் தாறேன்."

"ஒம்போது மணிக்குக் கல்வி வலயத்துல இருந்து அதிகாரிங்க வர்றாங்கம்மா."

"தெரியும் டீச்சர்."

அதிபர் வளைவில் நின்ற கட்டையைப் பார்த்தார். போன வருடம் அந்தப் பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர் அவர்தான். "சரி. அப்படியே செய்யுங்க" என்றார். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது.

திரும்பும் வழியில் எட்வர்ட் கியரை முரட்டுத்தனமாக மாற்றி மாற்றி லொறி ஓட்டினார். லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்ததும், "நீ சொன்னது சரி மலரு. எனக்கே கொஞ்சம் கோவம் வந்துச்சு, ஆனா சரி" என்றார். அது அவளுக்குப் போதுமாயிருந்தது.

சனிக்கிழமை வெளிச்சம் வரும்போது அவர்கள் மைதானத்தில் இருந்தார்கள். இரவு காற்று வீசியதில் மண் இறுகியிருந்தது. அவர்களுக்கு முன்பே அங்கே றொபின்சன். கயிறு கட்டி முடித்திருந்தார், அதுவும் எண்பது அடி தள்ளி. வெள்ளைச் சட்டைக்குப் பதில் பழைய பெனியன், தோளில் மண்வெட்டி. கட்டைக்குள் தெரிந்த கம்பியை ஆக்சோ பிளேடால் அறுத்து எடுத்துக்கொடுத்தவரும் அவரே. அப்புறம் வெளியே போய், கயிற்றின் பக்கம் வந்த ஒவ்வொருவரையும், "இந்தா, தள்ளு, தள்ளு!" என்று விரட்டிக்கொண்டிருந்தார். முன்கூட்டியே வந்த வலயக் கல்வி அலுவலகத்துச் சாரதியைக்கூட விடவில்லை.

ஏழே முக்காலுக்குக் கட்டை தரைமட்டத்துக்குக் கீழே ஒரு சாண் இறங்கிவிட்டது. ஜெபமலர் மெசினை நிறுத்தினாள். அந்த அமைதியில் கீழே எங்கோ கோயில் மணி கேட்டது. தூளைப் பள்ளத்தில் விட்டால் உக்கிப்போய், மண் உள்வாங்கும் என்று அவள் சொன்னதும், தாய்மார் தேயிலைக் கூடைகளில் அள்ளிக் கொண்டுபோய்ப் பாடசாலைத் தோட்டத்தில் கொட்டினார்கள். தகப்பன்மார் மண் சுமந்து கொட்டி மிதித்து இறுக்கினார்கள். எட்டு இருபத்தைந்துக்கு அதன்மேல் சுண்ணாம்புக் கோடு விழுந்தது.

ஆனால் முதல் ஓட்டத்தில் நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. வளைவுக்கு வந்த ஆறு பிள்ளைகளும், இல்லாத கட்டையைச் சுற்றிக்கொண்டு வெளியே ஒதுங்கி ஓடினார்கள். காலுக்குப் பழகிப்போயிருந்தது. "கட்ட இல்லடீ! நேரா ஓடு!" என்று மைதானமே கத்தியது. அதிபர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த ஓட்டத்தை மறுபடி ஓடச் சொன்னார்.

மத்தியானம், வந்திருந்த பெரியவர்களுக்கான ஓட்டம் என்று ஒன்று வைத்தார்கள். ஜெபமலர் எவ்வளவோ மறுத்தும் பெண்கள் இழுத்துக்கொண்டு போய்க் கோட்டில் நிறுத்தினார்கள். அந்தக் கனத்த சப்பாத்தோடு ஓடி மூன்றாவதாக வந்தாள். பரிசு ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பேசின். றொபின்சன் ஒடிந்த முக்காலிக்கு ஒரு தடியை வைத்துக் கட்டி, பரிசளிப்பை நேரலையில் காட்டினார்.

வீட்டுக்கு வந்து பிளக் கெப்பைக் கழற்றிவிட்டு, பற்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அந்தப் பேசினில் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தாள். திங்கட்கிழமை எல்லயில் அரைக்க இரண்டு கட்டைகள் இருந்தன.