விரல் நுழையாத நாற்காலி

பங்குனி வெயிலில் சிமெண்டுத் தரை காலைச் சுடும்போதும், அப்பாவின் நாற்காலிப் பள்ளத்தில் கன்னத்தை வைத்தால் ஜில்லென்றிருக்கும். தேங்காயெண்ணெயும் வேர்வையும் கலந்த வாசம் வரும். பழங்காநத்தத்தில் எங்கள் பலசரக்குக் கடைக்குப் பின்னால்தான் வீடு. நாள் முழுக்க நின்று இடுப்பு விட்டுப்போகிறது என்று அப்பா சொல்லிச் செய்த நாற்காலி அது. ஆசாரி ஈரமணலைப் பரப்பி அவரை உட்காரவைத்து, எழுந்ததும் பதிந்திருந்த இரண்டு குழிகளையும் நடுவிலிருந்த மேட்டையும் பார்த்து, அப்படியே பலகையில் குடைந்தெடுத்தார். நாங்கள் அதைச் "சட்டி நாற்காலி" என்போம். அம்மாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "உசுரோட இருக்க மனுசனுக்கு மண்ணுல அச்செடுப்பாகளா?" என்று சொல்லி, அந்த மணலைத் தன் கையாலேயே கலைத்துவிட்டார்.

அப்பா பருத்த உடம்புக்காரர். அவர் உட்கார்ந்தால் பள்ளம் விளிம்புவரை நிறைந்துவிடும். அவர் தொடைக்கும் விளிம்புக்கும் நடுவே என் விரலை நுழைப்பதுதான் விளையாட்டு. "நுழைஞ்சா ஒனக்கு ஜவ்வுமிட்டாய், தாயி" என்பார். ஒருநாளும் நுழைந்ததில்லை.

சித்திரையில், ஊரே அழகரைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்த நாளில், நுழைந்துவிட்டது. "நான் ஜெயிச்சிட்டேன்!" என்று குதித்தேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் முறம் நின்றது. "எந்திரிங்க. இன்னொருக்கா உக்காருங்க" என்றார்.

"ஒம் மக விரலு மெலிஞ்சு போச்சுடி. சோத்தக் கூடப் போடு" என்று அப்பா சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. மஞ்சள் துணியில் காசு முடிந்து அழகருக்கு நேர்ந்துகொண்டார். பெரியாஸ்பத்திரிக்கு நடந்தார்கள், மருந்து வந்தது. ஆனாலும் ஆடிக்குள் என் உள்ளங்கையே நுழையும் அளவுக்கு இடம் விழுந்துவிட்டது. அதற்குள் எனக்கும் ஏதோ விளங்கி, பக்கத்தில் போகவே பயந்தேன். அவரேதான் என் கையைப் பிடித்து அந்தச் சந்தில் வைத்தார். "விடு தாயி, நீதான ஜெயிக்கிற." அதன்பிறகு அவர் அதில் உட்காரவில்லை.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, என் வீட்டுக்காரர் தெரியாமல் அதில்தான் உட்கார்ந்தார். அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

இப்போது கடையில்லை, அம்மாவுமில்லை. வீட்டில் மற்றதெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலிகள். அவற்றில் யார் உட்கார்ந்தாலும் ஒன்றுதான். அந்த விளையாட்டை என் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தரவில்லை. ஆனால் வெள்ளிதோறும் விளக்கேற்றிவிட்டு வந்து, தூசி தட்டுகிற சாக்கில், என் வீட்டுக்காரர் சட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே விளிம்பில் விரலை வைத்துப் பார்ப்பேன். நுழையாது. அழகருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன்.

போன வெள்ளிக்கிழமை நகம் நுழைந்தது.