வடத்தைப் பூட்டி வைத்தார்கள்

வந்திருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன். ராஜபாளையத்திலிருந்து தாய்மாமன், அங்கே மில் வந்த புதிது, அதில் சேர்ந்ததிலிருந்து அவருக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. பக்கத்துத் தோட்டத்து உபதேசியார், கூப்பிடாமல் வந்தவர். மாமன் கூட்டிவந்த கோடாங்கி, உடுக்கையோடு. என் வீட்டுக்காரி. நடுவில் நான்.

எனக்கு என்ன என்று கண்டுபிடிக்க வந்த கூட்டம் அது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, செண்பகத்தோப்புப் பாதையில் எங்கள் தோட்டம். எனக்கும் அண்ணனுக்கும் பொதுக் கிணறு. அந்த வருஷம் மிளகாய் போட்டிருந்தேன். நாற்று வேர் பிடிக்கிற சமயத்தில் எனக்கு மனசு கெட்டுப்போனது. காலையில் எழுந்தால் ஏதோ நடக்கப்போகிறது என்று நெஞ்சு அடிக்கும். ஒன்றும் நடக்காது. மறுநாளும் அடிக்கும். சோறு இறங்காது. வீட்டில் யாரும் சாகவில்லை, மாடு சாகவில்லை, கடன் கிடையாது. அதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை.

"ஏலே, காரணம் இல்லாம ஒருத்தன் மொகம் தொங்குமா?" என்றார் மாமன்.

"காரணம் இல்ல மாமா. சும்மாதான்."

"மில்லுல வந்து நில்லு. அந்தச் சத்தத்துல நெனப்பெல்லாம் ஓடிரும்."

"மாமாவுக்கு ஓடுனது தெரியுது" என்றாள் வீட்டுக்காரி, அடுப்படியிலிருந்து.

உபதேசியார் ஜெபம் பண்ணினார். நல்ல நீளம். அதில் பாதி, அவர் தோட்டத்துக்கு மழை கேட்டது.

கோடாங்கி உடுக்கை அடித்தான். கிணற்று முனி என்னைப் பார்த்துவிட்டதாம். கறுப்புச் சேவல் வேண்டுமாம். அமாவாசை கழியும் வரை நான் கிணற்றுப் பக்கம் போகக் கூடாதாம். சேவலை அறுத்தார்கள். முனி தின்றதை நான் பார்க்கவில்லை. இவர்கள் தின்றதைப் பார்த்தேன். உபதேசியார் கறியைத் தொடவில்லை. குழம்பு மட்டும் ஊற்றச் சொன்னார்.

அதோடு விட்டிருக்கலாம். கை கழுவும்போது அண்ணனுக்கு ஒரு பயம் வந்தது. நான் ஏதாவது செய்துகொள்வேனாம். என் கமலையிலிருந்து வடத்தை உருவிக்கொண்டு போய்த் தன் வீட்டு உள் அறையில் போட்டுப் பூட்டினார். மாடு இழுக்க, தண்ணீர்ச் சால் மேலே வருவது அந்த வடத்தில்தான். வடம் இல்லையென்றால் தண்ணீர் இல்லை. மிளகாயைக் கொன்று என்னைக் காப்பாற்றினார்கள்.

ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கமலை இறைக்கும் நேரத்தில் மட்டும்தான் எனக்கு நெஞ்சு அடிக்காது. பொதுக் கிணறு, ஆளுக்கு இத்தனை சால் என்று முறை. அதனால் இறைக்கிறவன் வாய்விட்டு எண்ண வேண்டும். மாடு சரிவில் இறங்கும்போது வடத்தின்மேல் உட்கார வேண்டும், பின்னால் ஏறும்போது எழ வேண்டும், எண்ண வேண்டும். வேறு நினைப்பு நுழைந்தால் கணக்குத் தப்பும். கணக்குத் தப்பினால் அண்ணன் சண்டைக்கு வருவார். முனியைவிட அது பெரிய பயம்.

வடம் போனபின் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். நெஞ்சு முன்னைவிட அடித்தது. இலை துவளத் தொடங்கியதும் வீட்டுக்காரி வந்து நின்றாள்.

"ஒங்க மொகம் தொங்குனா தொங்கிட்டுப் போகுது. செடி தொங்குதே."

எழுந்து, வடம் கேட்க அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் வாசலில் மறித்தார்.

"அமாவாச கழியட்டும்லே."

"செடி அமாவாச பாக்காதுண்ணே."

"கிணத்துல விழுந்துட்டா?"

"விழுகதுக்குக் கயிறு எதுக்கு? எறைக்கத்தான் கயிறு வேணும்."

அண்ணன் உள்ளே போனார். சாவியை எடுத்தார். கூடவே வந்தார், காவலுக்கு.

மாட்டைப் பூட்டினேன். அண்ணன் கிணற்று மேட்டில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். முதலில் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சாலைப் பார்த்தார். பிறகு அவர் உதடும் அசைய ஆரம்பித்தது. என் உயிருக்குப் பயந்து வந்தவர், தன் முறைத் தண்ணீருக்குப் பயந்து எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்த நெஞ்சடிப்பு அன்றோடு போய்விடவில்லை. இன்றும் சில காலைகளில் வருகிறது. வந்தால் வரட்டும் என்று மாட்டைப் பூட்டுகிறேன். அதற்குப் பேர் வைக்க வந்தவர்கள் யாரும் இப்போது வருவதில்லை. அறுக்கச் சேவல் இல்லை.

அன்று கடைசிப் பாத்தி நனைந்ததும் மாட்டை நிறுத்தினேன்.

"எம்புட்டுலே ஆச்சு?" என்றார் அண்ணன்.

"நீங்க சொல்லுங்க."

இரண்டு பேர் கணக்கும் ஒன்றாக வந்தது. நூற்று நாற்பத்திரண்டு சால்.