ஆறு மணி ஹேண்டோவர்

ஏழாம் மாதத்தில் ஜாஸ்லினுக்கு ரத்த அழுத்தம் ஏறியது. கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த மே மாதம் அது. அடுத்த செவ்வாய்க்கிழமையும் இப்படியே இருந்தால் கிருஷ்ணகிரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருக்கும், பிரசவம் வரைக்கும் அங்கேதான் என்று வீட்டுக்கு வந்து பார்த்த செவிலியர் லாவண்யா சொல்லிவிட்டுப் போனாள். கூட ஆள் வைத்துக்கொள்ள முடியாத காலம். கணவன் டேனி இல்லாமல் இரண்டு மாதம் தனியாகப் படுத்திருப்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஓசூர் கம்பெனி ஒன்றில் ஆறு வருடம் தரப் பரிசோதனை பார்த்தவள் ஜாஸ்லின். எதையும் அளந்து எழுதிவிட்டால் அடங்கிவிடும் என்று நம்புகிறவள். அன்றைக்கே நோட்டில் கட்டம் போட்டாள். மணிக்கொரு முறை காய்ச்சல், ஆக்சிஜன், பிரஷர். கடைசியில் இன்னொரு கட்டம்: பயம். இல்லையென்றால் சரிக் குறி, இருந்தால் பெருக்கல் குறி, பக்கத்தில் என்ன பயம் என்று ஒரு வரி.

மூன்று நாளில் அந்தக் கட்டம் முழுக்கப் பெருக்கல் குறிகள். ஆம்புலன்ஸ் சத்தத்துக்கு ஒன்று. பாதி ஆட்களோடு ஓடிய அதே கம்பெனிக்குப் போன டேனி போன் எடுக்காவிட்டால் ஒன்று. பிரஷரும் இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்த லாவண்யா, வாசலில் நின்றே நோட்டைப் புரட்டினாள். ஜாஸ்லினை விட இரண்டு வயது சின்னவள்.

"ஏன்க்கா, மணிக்கு ஒருக்கா பட்டையை மாட்டி இறுக்குனா பிரஷர் எறங்குமா? காலைல ஒருக்கா, சாயந்தரம் ஒருக்கா, அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்துட்டுப் பாருங்க, போதும்."

தலைவலித்தால், கண் மங்கினால், குழந்தையின் அசைவு குறைந்தால் மட்டும் எந்நேரமும் கூப்பிடச் சொன்னாள்.

"அப்ப பயத்தை என்ன பண்றது, சிஸ்டர்?"

"எழுதி நீங்களே வெச்சிக்கிட்டா எப்படி? யார்கிட்டயாவது சொல்லுங்க."

ஜாஸ்லினுக்குக் கம்பெனியில் ஷிப்ட் மாறும்போது நடக்கும் ஹேண்டோவர் ஞாபகம் வந்தது. முடிக்கிறவர் அன்றைய கோளாறுகளையும், தேறாமல் ரிஜெக்ட் ஆனவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வருகிறவர் கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகு முடித்தவர் மெஷினைத் தொடக் கூடாது.

சாயங்காலம் ஆறு மணிக்கு டேனி வந்து, வெளிக் குழாயில் குளித்து, மாஸ்க்கோடு வாசற்படியில் உட்கார்ந்தான். அவள் உள்ளே நாற்காலியில் இருந்தபடி ஒவ்வொன்றாகப் படித்தாள். பிரசவ வலி வரும்போது சானமாவு காட்டு யானைகள் ரோட்டை மறித்துக்கொண்டால் என்கிற இடத்தில் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

டேனி கையெழுத்துப் போட்டான். "இனி என் ஷிப்ட்டு. நீ மெஷின் பக்கம் வரக் கூடாது."

"ராத்திரி பயம் வந்தா?"

"எழுப்பு. அது என் லைன்ல வந்த ரிஜெக்ட்டு."

அதன் பிறகு, காலை பதினொரு மணிக்கு வந்த பயத்தைச் சாயங்காலம் ஆறு மணி வரை காக்க வைத்தாள். சிலதில் பயப்பட என்ன இருந்தது என்பதே அதற்குள் மறந்துபோயிற்று. ஞாயிறன்று டேனியே, கேன்டீனில் இருமியவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதை, தனக்குப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்ததை, மூன்று நாளாக மறைத்ததைச் சொன்னான். அதற்கு அவள் கையெழுத்துப் போட்டாள்.

செவ்வாயன்று லாவண்யா இரண்டு முறை அளந்து பார்த்தாள். "கொஞ்சம் எறங்கியிருக்கு. கிருஷ்ணகிரி இப்பத்திக்கு வேணாங்க்கா. அடுத்த வாரமும் பாக்கலாம்."

அன்று மாலை நோட்டில் ஒரே ஒரு பெருக்கல் குறி இருந்தது: தொட்டில் கம்பி துருப்பிடித்திருக்கிறது. டேனி கையெழுத்துப் போட்டுவிட்டு, உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.