நூற்றுப் பன்னிரண்டு ஓட்டைகள்

1. மேடம் கேட்ட கேள்வி

"ஓட்டையெல்லாம் எங்கே?" என்று பாவ்லா மேடம் ஆங்கிலத்தில் கேட்டார். கோபுரத்தின் கடைசிச் சாரக் கம்பியை அவிழ்த்து லாரியில் ஏற்றி அனுப்பி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நானும் மேசன் வீரப்பனும் கீழே நின்று, வேலை சுத்தமாக முடிந்துவிட்டது என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

எனக்கு முதலில் கேள்வி புரியவில்லை. அவர் கையிலிருந்த போட்டோவைக் காட்டினார். இத்தாலியில் ஒரு மலை உச்சி ஊர். அதன் நடுவே உயரமான கல் கோபுரம். சுவர் முழுக்க வரிசை வரிசையாகச் சின்னச் சின்னச் சதுர ஓட்டைகள். நாங்கள் கட்டியதும் அதே கோபுரம்தான். எங்களுடையதில் ஒரு ஓட்டையும் இல்லை. அத்தனையையும் அடைத்துப் பூசி, கலர் அடித்துவிட்டோம்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். பெரம்பலூர் பக்கம். ஷார்ஜா முவைலாவில் ரூம். பத்தொன்பது வருடமாக ஃபினிஷிங் வேலை, கடைசி ஆறு வருடமாக ஃபோர்மேன். சைட் துபாயில், ஒரு ஷாப்பிங் இடம். அந்த இத்தாலிய ஊரின் தெரு, வளைவு, கோபுரம் எல்லாவற்றையும் அப்படியே கட்டி, கீழே ஹோட்டலும் கடையும் வைக்கிற திட்டம். உள்ளே இரும்பு ஃப்ரேம், வெளியே ஜி.ஆர்.சி. பேனல். கண்ணாடி இழை கலந்த சிமென்ட் பலகை அது. அசல் கோபுரத்தின் கல்லை அச்செடுத்து வார்த்ததால், கல்லும் இடுக்கும் அசல் போலவே இருக்கும்.

பாவ்லா மேடம் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். கட்டுவது ஊருக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது அவர் வேலை.

2. நல்ல வேலை செய்து கெட்டது

ஜி.ஆர்.சி. பேனலைக் கிரேனில் தூக்க அதிலேயே ஓட்டை விட்டிருப்பார்கள். மாட்டி முடித்ததும் அந்த ஓட்டைகளை அடைக்க வேண்டும். சாரம் பிரிக்கும்போது மேலிருந்து ஒவ்வொரு தட்டாக அடைத்துக்கொண்டே இறங்குவது எங்கள் வழக்கம். அடைக்காமல் விட்டால் ஸ்நாக் லிஸ்டில், அதாவது குறைப் பட்டியலில் வரும்.

இந்த ஓட்டைகள் வழக்கத்தைவிடப் பெரியவை. உள்ளே இரும்புப் பெட்டி வேறு வைத்திருந்தார்கள். வீரப்பன் அப்போதே கேட்டான்.

"செல்வம், இது என்னப்பா புறாக்கூண்டு மாதிரி இருக்கு? தூக்குற ஓட்டைக்கு எதுக்குப் பெட்டி?"

"கோபுரம் பெருசுல்ல, வெயிட் தாங்கறதுக்கா இருக்கும். அடைச்சிரு."

ட்ராயிங்கில் கறுப்புச் சதுரமாக ஏதோ இருந்தது. மேடத்திடம் போய்க் கேட்டிருக்கலாம். அவர் எதிரே நின்று ஆங்கிலத்தில் பேசக் கூச்சப்பட்டுக் கேட்கவில்லை. வீரப்பன் உள்ளே ஃபோம் திணித்துப் பூசி, கல் இடுக்கைக்கூட ஓட்டையின் மேல் தொடர்ந்து கீறி, டெக்ஸ்சர் அடித்து, எது அசல் எது அடைப்பு என்று தெரியாதபடி முடித்தான். அவ்வளவு நல்ல கைவேலை. வேலை முடிந்த தாளில் சார்ஜ் ஹேண்ட், அதாவது குழுத் தலைவன் என்ற முறையில் கையெழுத்தும் அவனுடையது.

3. மீட்டிங்

அன்று மதியமே மீட்டிங். எங்கள் சைட் இன்சார்ஜ் ஜமால் பாய் கீழக்கரைக்காரர். என்னையும் உட்கார வைத்தார். இதற்கு முன் நான் எந்த மீட்டிங்கிலும் வாய் திறந்ததில்லை.

மேடம் விளக்கினார், ஜமால் பாய் எனக்குத் தமிழில் சொன்னார். அந்த ஊரில் நான்கு பேட்டைகள். ஒரு காலத்தில் ஒவ்வொரு பேட்டைப் பணக்காரனும் போட்டி போட்டுக் கோபுரம் கட்டினான். சண்டை முற்றியதால், ஊர் மன்றத்தின் கோபுரத்தைவிட உயரமாக எவனும் கட்டக்கூடாது என்று சட்டம் போட்டு, மீறியவற்றை வெட்டிக் குறைத்தார்கள். மிஞ்சி நிற்பது மன்றக் கோபுரம்தான். வருடா வருடம் வசந்தத் திருவிழாவில் நான்கு பேட்டைக்காரர்களும் அந்த ஓட்டைகளில் கம்பு செருகி, ஆளுக்கு ஒரு பக்கத்தில் கொடி கட்டுவார்கள். மத்தியான மணி அடிப்பதற்குள் கட்டாத பேட்டையை அந்த வருடம் முழுக்கக் கேலி செய்வார்கள். இங்கே திறப்பு விழாவும் அதே மாதிரிதான். பத்து நாள் இருந்தது. கம்புகள் கப்பலில் வந்து ஸ்டோரில் கிடந்தன. அலங்காரத்துக்கு என்று நினைத்திருந்தோம்.

ப்ராஜெக்ட் மேனேஜர் சுருக்கமாக முடிக்கப் பார்த்தார். "கறுப்புப் பெயிண்ட்ல சதுரம் போடுங்க. கீழேருந்து பார்த்தா ஓட்டை மாதிரிதான் தெரியும்."

"பெயிண்ட்டில் கொடி நிற்குமா?" என்றார் மேடம்.

மேனேஜர் வேலை முடிந்த தாளை எடுத்துப் பார்த்தார். "கோன் சைன் கியா? வீரப்பன்? உஸ்கோ கேன்சல் கரோ. கலாஸ்."

விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்பு என்று அர்த்தம். வீரப்பனுக்கு ஐம்பத்தொரு வயது. இந்த வயதில் மேசனை வேறு கம்பெனி எடுக்காது. அவன் வெளியே பேனல் நிழலில் உட்கார்ந்து என் சாப்பாட்டுக்கும் சேர்த்துக் காவல் இருந்தான். உள்ளே நடப்பது அவனுக்குத் தெரியாது.

நான் எழுந்து நின்றேன். "சார், அடைக்கச் சொன்னது நான். அவன் கேட்டான், நான்தான் அடைன்னேன். ஒரு மேன்லிஃப்ட்டும் ஒன்பது நாளும் குடுங்க. எல்லாத்தையும் திறந்து தர்றேன். முடியலேன்னா ரெண்டு பேரையும் அனுப்புங்க."

ஜமால் பாய் அதை ஹிந்தியில் சொன்னார். மேனேஜர் என்னை முதன்முதலாகப் பார்ப்பது போலப் பார்த்தார். "எத்தனை ஓட்டை?"

"நூற்றுப் பன்னிரண்டு."

"ஒன்பது நாள். ஒரு பேனல் உடைஞ்சாலும் ரெண்டு பேரும் ஊருக்கு."

வெளியே வந்ததும் ஜமால் பாய் கேட்டார். "என்னப்பா, ஆறு வருஷமா ஊமையா இருந்துட்டு இப்படியா வாயத் தொறப்பே?"

4. தேடியது

மறுநாள் ஆளை உயரத் தூக்கும் மேன்லிஃப்ட் கூடையில் வீரப்பனும் நானும் ஏறினோம். விஷயத்தை ரூமிலேயே சொல்லிவிட்டேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். கூடையில் நின்றபடிதான் முதல் வார்த்தை வந்தது.

"நீ அடைன்னே, சரி. இவ்ளோ நல்லா அடைன்னா சொன்னே? என் கைய எனக்கே கண்டுபிடிக்க முடியல."

ட்ராயிங் அளவை வைத்துப் பார்த்தோம். மாட்டும்போது பல பேனல்களை வெட்டி நகர்த்தியிருந்ததால் அளவு ஒன்றும் பொருந்தவில்லை. ட்ரில்லைப் போட்ட முதல் இடம் கெட்டிப் பேனல். சட்டென்று நிறுத்தி, துளையை அடைத்தேன். ஜமால் பாய் காந்தம் கொண்டுவந்தார். உள்ளே ஃப்ரேமே இரும்பு என்பதால் காந்தம் எங்கே வைத்தாலும் ஒட்டியது. காற்று பலமாக அடித்த இரண்டு நாட்கள் லிஃப்ட்டை ஏற்ற அனுமதியில்லை. மூன்று நாள் முடிவில் கிடைத்தவை நான்கே ஓட்டைகள்.

காற்றடித்த இரண்டாம் நாள் மேடத்தின் போட்டோவைக் கேட்டு வாங்கி, சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தோம். வீரப்பன்தான் கண்டுபிடித்தான்.

"செல்வம், இதுல ஒரு ஓட்டையும் கல்லு நடுவுல இல்ல பாரு. எல்லாமே கல் வரிசை முடிஞ்ச இடத்து மேல உக்காந்திருக்கு. இவனுங்களும் நம்மள மாதிரியே சாரம் கட்டியிருக்கானுங்க."

அது உண்மைதான். அந்தக் காலத்துக் கொத்தன் ஒரு வரிசைக் கல்லை வைத்து முடித்ததும், அதன் தலையிலேயே சாரக் கம்பைக் கிடத்தி, அடுத்த கல்லை அதன் பக்கத்தில் வைத்துக் கட்டிக்கொண்டு போயிருக்கிறான். கம்பின் மேல் பலகை போட்டு நின்றிருக்கிறான். கை எட்டும் உயரம் முடிந்ததும் அடுத்த கம்பு. வேலை முடிந்து கம்பை உருவிய இடம்தான் ஓட்டை. அதனால் ஓட்டையின் அடிப்பக்கம் எப்போதும் படுக்கை இடுக்கின், அதாவது குறுக்காக ஓடும் இடுக்கின் மேல்தான் இருக்கும். வரிசைக்கு வரிசை இடைவெளி, ஒரு ஆள் நின்று வேலை செய்யும் உயரம். வீரப்பன் தன் தோள் உயரத்தில் கையை வைத்துக் காட்டினான்.

அதன் பிறகு தேடும் இடம் குறைந்தது. கூடையைப் படுக்கை இடுக்கோடு ஓட்டி, இடுக்கின் மேலே சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போனோம். வெறும் பேனல் கணீர் என்றது. அடைத்த இடம் மொத்தென்றது. மொத்தென்ற இடத்தில் முதலில் பென்சில் சதுரம், பிறகு மெல்லிய ட்ரில், உள்ளே ஃபோம் வந்தால் உளி. ஒரு நாளில் இருபது, மறுநாள் இருபத்தாறு. பேனல் ஒன்றும் உடையவில்லை. எட்டாம் நாள் மாலை இரண்டு பாக்கி. ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்குள் அவையும் திறந்தன.

5. கொடி

திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் ஒத்திகை. கம்பு செருக ஒரு கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். எந்தப் பக்கம், எந்த வரிசை என்று தெரியாமல் நின்றார்கள். வீரப்பன் ஒரு கம்பை வாங்கிக்கொண்டு கூடையில் ஏறினான். முதல் ஓட்டையில் கம்பு வழுக்கி உள்ளே போய், இரும்புப் பெட்டியில் இடித்து நின்றது. மேடம் கீழிருந்து கை தட்டினார்.

நான் முதன்முறையாக அவரிடம் நேராகப் பேசினேன். "மேடம், ஓல்ட் மேசன், ஒய் நாட் க்ளோஸ்?" பழைய கொத்தன் ஏன் அடைக்கவில்லை என்று கேட்டேன்.

அவர் மெதுவாகச் சொன்னார், எனக்கும் புரிந்தது. கோபுரம் என்றால் நூறு வருடம் கழித்தும் யாராவது ஏறிப் பழுது பார்க்க வேண்டும். அவனுக்குச் சாரம் கட்ட இடம் வேண்டாமா? அவனுக்காக விட்டுவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் ஜமால் பாய் வந்து, "வீரப்பனோட கேன்சல் பேப்பரை மேனேஜர் கிழிச்சுப் போட்டுட்டாரு. உனக்கு மட்டும் வார்னிங் லெட்டர்" என்றார். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். அது நியாயம்தான்.

தம்பிகளே, நமக்குத் தெரிந்த வேலைதான் நம்மைக் கவிழ்க்கும். தெரியாத இடத்தில் ஜாக்கிரதையாக இருப்போம், தெரிந்த இடத்தில் கேட்க மாட்டோம். ஒன்று தப்பாகத் தெரிந்தால் திருத்துவதற்கு முன், அதை அப்படி வைத்தவனைக் கேளுங்கள். மொழி வராவிட்டால் விரலால் காட்டிக் கேளுங்கள். கூச்சம் அரை நிமிடம்தான். நான் அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடித்ததில் வீரப்பனின் வேலை ஒன்பது நாள் அந்தரத்தில் தொங்கியது.