பிள்ளைக் காம்பராவுக்கு வந்த கீரை

கொழும்புக் கோட்டையில் காலையில் புறப்படும் பதுளை ரயிலில் ஜன்னலோர இருக்கை கிடைப்பது லொத்தரில் பரிசு விழுவதைப் போல. 2003 ஆகஸ்ட்டில், ஒரு சனிக்கிழமை, எனக்கு அது விழுந்தது. விழுந்தும் என்ன? பண்டாரவளை வரும்வரை பக்கத்து இருக்கைக்காரர் என்னை வெளியே பார்க்க விடவில்லை. வெலிமடைக்காரர். கொழும்பில் கரட் மூட்டைகளை விற்றுவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்.

"சார், கரட் ஜூஸ் குடிங்க. அதுல அன்டிஒக்சிடன்ட்னு ஒண்ணு இருக்காம். இதயம் துருப்பிடிக்காம வச்சுக்குமாம். ரேடியோவுல சொன்னாங்க."

"என்ரை நெஞ்சென்ன, இரும்புக் கேற்றே?" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. இறங்கும்போது இரண்டு கரட்டை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். அந்த வருடம் அந்தச் சொல் எல்லார் வாயிலும் இருந்தது. ஞாயிறு பத்திரிகைகளைத் திறந்தால் தேயிலை இதயத்தைக் காக்கும், கீரை இதயத்தைக் காக்கும் என்றுதான் போட்டிருக்கும். கந்தோரில் வேலைக்கு நடுவே பால் விடாத சாயத் தேநீரைக்கூட மருந்து மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்கள்.

நான் போனதும் ஓர் இதயத்தைப் பார்க்கத்தான். என் கந்தோரில் வேலை செய்யும் பையனின் அண்ணன் மாணிக்கம், பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய மனைவி புஷ்பத்துக்குக் கொழும்பில் இதய வால்வு மாற்றினார்கள். அந்த நாட்களில் மாணிக்கம் எங்கள் வீட்டு முன்னறையில் தங்கியிருந்தார். "ஒரு தடவை வந்து பாருங்க சார், ஆள் எப்படி இருக்கான்னு" என்று தம்பியிடம் சொல்லி விட்டுக்கொண்டே இருந்தார். எனக்கும் லீவு மிச்சம் இருந்தது.

பின்னேரம் பதுளையில் இறங்கினேன். மாணிக்கம் ஸ்டேஷனிலேயே நின்றார். பசறைக்கு பஸ்ஸில் இருபது கிலோமீற்றர் அளவு. அதற்கு மேல் தேயிலைக்குள் ஒரு மணி நேர ஏற்றம். கச்சான் காற்று ஆளைத் தள்ளியது. இந்தக் காற்றடிக்கும் மாதங்களில்தான் ஊவாத் தேயிலைக்கு உலகமெங்கும் மவுசு என்றார் மாணிக்கம். வழியில் ஒரு கடையில் ஐந்து ரூபாய்க்கு வாங்கிக் குடித்த தேநீர் வெறும் தூசித்தூள். நல்லதெல்லாம் பெட்டியில் ஏறிக் கப்பலுக்குப் போய்விடுகிறது. கொழுந்து பறிக்கிறவளின் இதயத்தைக் காக்கத் தூசியே போதும் போலும்.

புஷ்பம் பிள்ளைக் காம்பராவில் இருந்தார். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. ஒப்பரேஷனுக்குப் பிறகு மலை ஏற முடியாததால் அங்கே ஆயா வேலை. நான் போன நேரம் தாய்மார் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தியும் ஒரு கையால் பிள்ளையை வாங்கி, மறு கையால் சேலை மடியிலிருந்து ஒரு பிடி கீரையை எடுத்து மேசையில் வைத்தாள். தேயிலைக்கு இடையில் முளைத்த வல்லாரை, பொன்னாங்கண்ணி, தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துக் கோடியில் நின்ற முருங்கை இலை. கண்முன்னே மேசை நிறைந்தது.

"தங்கச்சி, இவ்வளவும் நீங்களே சாப்பிடுறியள்?"

"வேணாம்னு சொன்னா மனசு கஷ்டப்படுவாங்க சார். பச்சை இலை நெஞ்சுக்கு நல்லதுன்னு ரேடியோவுல கேட்டாங்களாம். ரெண்டு மாசமா இப்படித்தான். இவரு காலையில கஞ்சி காய்ச்சுறாரு, ராவைக்குச் சுண்டுறாரு. உடம்பு நல்லா இருக்குன்னு போன மாசம் கிளினிக்குக்குக்கூடப் போகலைங்க."

எனக்குச் சுருக்கென்றது. உலோக வால்வில் இரத்தம் கட்டிவிடக் கூடாது என்றுதான் அவருக்குத் தினமும் மாத்திரை. அந்த மாத்திரை சரியாக வேலை செய்கிறதா என்று மாதாமாதம் இரத்தம் பார்க்க வேண்டும். கொழும்பில் வைத்தியர் இதைச் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"திங்கக்கிழமையே போவம். நானும் வாறன்" என்றேன்.

"மாத்திரை ஒரு நாளும் தப்பலைங்க சார்" என்றார் மாணிக்கம். உண்மை. அந்த மனிதர் சாமி கும்பிடுவது போல நேரம் தவறாமல் மாத்திரை கொடுப்பவர்.

திங்கள் வரை அது பொறுக்கவில்லை. ஞாயிறு காலை மாணிக்கம் இலைகளை அம்மியில் அரைத்து, அரிசிக் கஞ்சியில் கலந்து, தேங்காய்ப்பால் விட்டு, பெரிய டம்ளரில் நீட்டினார். புஷ்பம் வலது கையால் வாங்கினார். டம்ளர் நழுவி விழுந்தது. அவர் தன் கையையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல் குழறி வந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது.

லயமே திரண்டது. தோட்டத்தின் பக்கத்து டிவிசனில் வான் வைத்திருக்கும் சிவா வந்தார். பதுளைக்கு எழுநூறு ரூபாய் என்பது வழக்கம். அன்று அவர் வாடகை பேசவேயில்லை. ஏறும்போது ஒருத்தி ஓடி வந்து, மிச்சக் கஞ்சியை பிளாஸ்கில் ஊற்றி என் கையில் திணித்தாள்.

பசறை தாண்டி ஒரு வளைவில் வான் நின்றது. காற்றில் ஒரு யூக்கலிப்டஸ் மரம் பாதைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. சிவா கத்தியோடு இறங்கி ஓடினார். பின்னால் வந்த பஸ்ஸிலிருந்தும் ஆட்கள் இறங்கினார்கள். வெட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, மரம் அசையவில்லை. மாணிக்கம் பிளாஸ்கைத் திறந்தார்.

"ரெண்டு வாய் குடிக்கட்டும் சார். தெம்பா இருக்கும்."

"குடுக்க வேண்டாம். விழுங்கேலாட்டில் புரையேறிப்போகும்."

"இது நெஞ்சுக்கு நல்லதுங்க" என்று புஷ்பத்தின் வாயருகே கொண்டுபோனார். நான் பிளாஸ்கைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரண்டு வருட நன்றியும் காணாமல் போயிருந்தது. புஷ்பத்தின் இடது கை என் சட்டையைப் பிடித்திருந்தது. ஒரு வழியாக மரம் புரண்டு, வான் நுழையும் அளவுக்கு இடம் விட்டது.

பதுளை ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள், தலையைப் படம் பிடித்தார்கள், ஊசி ஏற்றினார்கள். வைத்தியரும் என்னைப் போல வடக்குப் பக்கத்து ஆள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. மாத்திரை தப்பியதா என்று கேட்டார்; மாணிக்கம் கையெடுத்துச் சத்தியம் செய்தார்.

"அப்ப சாப்பாட்டிலை என்ன மாத்தினியள்?"

வைத்தியரின் கண் என் கையிலிருந்த பிளாஸ்குக்குப் போனது. "அதுக்குள்ளை என்ன?"

திறந்து காட்டினேன். கரும்பச்சை. எத்தனை நாளாக, எவ்வளவு என்று கேட்டு முடித்தவர் கதிரையில் சாய்ந்தார்.

"கீரையிலை இருக்கிற அன்டிஒக்சிடன்ட் நெஞ்சுக்கு நல்லதெண்டு சொல்லுறாங்கள். இருக்கலாம், இன்னும் ஆராய்ஞ்சு கொண்டிருக்கிறாங்கள். ஆனா இந்த இலையளிலை விற்றமின் கே எண்டு ஒண்டும் கிடக்கு. அது இரத்தத்தைக் கட்ட வைக்கும். மாத்திரை ஒரு பக்கம் இழுக்க, கீரை மறுபக்கம் இழுத்திருக்கு. ரெண்டு மாசமாக் கீரைதான் வெண்டிருக்கு. வால்விலை கட்டின சின்னக் கட்டி ஒண்டு மூளைக்குப் போயிட்டுது."

"அப்ப நான்தாங்க..." என்றார் மாணிக்கம்.

"கீரையை விடச் சொல்லேல்லை. கொஞ்சமாச் சாப்பிடலாம். ஒவ்வொரு நாளும் ஒரே அளவு. அதுக்கேத்த மாதிரி நான் மாத்திரையை வைப்பன். கிளினிக் மட்டும் தப்பக் கூடாது."

பிழைப்பாரா என்று கேட்டதற்கு, நாளைக்குச் சொல்கிறேன் என்றார். வாட்டு வாசலில் கிடந்த வாங்கில் உட்கார்ந்து நானும் மாணிக்கமும் இரவைக் கழித்தோம். திங்கள் காலை உள்ளே விட்டார்கள். புஷ்பத்தின் விரல்கள் மெல்ல மடங்கின. வாய் திறந்ததும் வந்த முதல் பேச்சு, "பிள்ளைங்களை யாரு பார்த்துக்கிறா?" என்பதுதான். மாணிக்கம் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதார்.

என் பையை எடுக்க அன்று பின்னேரம் தோட்டத்துக்குத் திரும்பினோம். பிள்ளைக் காம்பரா வாசலில் பெண்கள் காத்து நின்றார்கள். புஷ்பம் ஆஸ்பத்திரியில் என்பதால் எல்லார் மடியும் முன்னையைவிடக் கனத்திருந்தது. நடந்ததைச் சொல்வது என் வேலை இல்லை.

மாணிக்கம்தான் டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னார். முன்னால் நின்ற ஒருத்தி, மிகவும் மெதுவாக, "எங்க கீரைதானா அண்ணே?" என்றாள்.

"கீரை இல்ல தங்கச்சி. அளவு. ஒரு நாளைக்கு ஒரு பிடி போதுமாம், ஆனா தினமும் வேணுமாம். வீட்டுக்கு வீடு முறை வச்சுக்குங்க. இன்னைக்கு ஒருத்தர்னா நாளைக்கு இன்னொருத்தர்."

பெண்கள் அங்கேயே நின்று முறை பேசத் தொடங்கினார்கள். முதல் நாள் யாருக்கு என்பதில் சண்டையே வந்தது. கொண்டு வந்த கீரையைத் திருப்பி எடுத்துப்போக யாருக்கும் மனமில்லை. அத்தனையையும் ஒரு கொழுந்துச் சாக்கில் அடைத்து என்னிடம் தந்தார்கள். "சாருக்கு நெஞ்சு நல்லாத்தானே இருக்கு?"

அந்தச் சாக்கோடு செவ்வாய் ரயிலில் கொழும்பு வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். நானும் மனைவியும் மட்டும் தின்று தீராது. எட்டு வருடமாகப் பக்கத்து வீட்டில் இருப்பவரின் கதவை முதல் தடவையாகத் தட்டினேன். நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தி, "குறை நினையாதேங்கோ, உங்கடை வீட்டிலை ஆராவது இரத்தம் கட்டாமல் இருக்கிறதுக்கு மாத்திரை எடுக்கினமோ?" என்று கேட்டேன்.

அவர் கதவை அகலத் திறந்தார்.

"நான்தான். நாலு வருசமா" என்றார். "உள்ளுக்கு வாங்கோவன்."