சப்பாத்தோடு ஏறக்கூடாத பெட்டி

என் மகள் வாசித்த இசைக்குழு எங்கள் கட்டடத்தின் நிலவறையில் பிறந்தது. ஒஸ்லோவின் கிழக்குப் பக்கம், ட்வெய்ட்டாவில் உயர்ந்து நிற்கும் அடுக்குமாடிக் கட்டடங்கள் மூன்றில் ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். பாடுகிறவன் குழாய் வேலை செய்யும் நோர்வேக்காரன், நல்ல உயரம், காதில் வளையம். அக்கோர்டியன் வாசிப்பவன் பேருந்து ஓட்டுகிறவன். மேளக்காரன் மீன்கடையில் நிற்பவன். அயர்லாந்துக்காரரின் பழைய நாட்டு மெட்டுகளைக் கிட்டாரோடும் மேளத்தோடும் நாலுகால் பாய்ச்சலில் அடிப்பார்கள். அதற்குக் கெல்டிக் பங்க் என்று பெயராம். மெட்டுத்தான் அயர்லாந்து, சொல்லெல்லாம் ட்வெய்ட்டா. ஒஸ்லோவின் மேற்குப் பக்கத்தார் எங்கள் பக்கத்தைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பதுண்டு. இவர்கள் லிஃப்ட் பழுதான நாளையும் பால்கனியில் காயும் கம்பளத்தையும் பாட்டாக்கிப் பெருமையாகப் பாடினார்கள்.

மகள் அப்போது மருத்துவமனையில் தாதி. சிறுவயதில் கர்நாடக வயலின் பழகியவள். ஒருநாள் உடுப்புத் தோய்க்க நிலவறைக்குப் போனவள் அந்தச் சத்தத்தைக் கேட்டு மேலே ஓடிவந்தாள், வயலினை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள். தோய்த்த உடுப்பை நான்தான் போய் எடுத்து வந்தேன்.

எங்கள் முறைப்படி அவள் சம்மணம் கட்டி இருந்து, வயலினின் தலையைப் பாதத்தில் ஊன்றித்தான் வாசிப்பாள். குதிக்கிற ஆண்களுக்கு நடுவே பாயில் ஒரு பெண். முதலில் சனம் சிரித்தது. பிறகு திராமன், பேர்கன் என்று வெளி நகரங்களிலும் அவளைப் பார்க்கவே வந்தார்கள். கோயிலில் ஒரு மாமி, “உந்தக் கூத்தாடியளோடையோ உன்ரை பிள்ளை திரியுது?” என்று கேட்டார். அவர்களின் இசைத்தட்டு வந்ததும் அதே மாமி, “எனக்கும் ஒண்டு எடுத்து வை” என்றார்.

இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்து சில வருடங்களில், நகர நடுவிலுள்ள பெரிய மண்டபம் ஒன்று அவர்களைக் கூப்பிட்டது. கூடவே ஒரு நிபந்தனை. வயலின்காரி எழும்பி நிற்க வேண்டும், இருந்தால் பின்னால் நிற்பவர்களுக்குத் தெரியாது. முடியாவிட்டால் நின்று வாசிக்கும் ஒருவரைத் தாங்களே தருவோம் என்றார்கள்.

மகள் வீட்டில் நின்று வாசித்துப் பழகினாள். மெட்டு வந்தது, விரலை வழுக்கிச் சுரங்களை இழைக்கும் அவளுடைய கமகம் வரவில்லை.

“வயலினை நாடியாலை பிடிச்சுக்கொண்டு விரலை இழுக்கேலாது அம்மா. இது என்ரை வாசிப்பில்லை.”

“அப்ப என்ன செய்யப் போறாய்?”

“விலகப் போறன். அவைக்கு இது பெரிய நாள். என்னாலை கெடக் கூடாது.”

அன்று பின்னேரம் குழு எங்கள் வீட்டில் சாப்பிட வந்தது. இடியப்பமும் சொதியும் வைத்தேன். அவள் விலகும் கதையை எடுத்ததும் பாட்டுக்காரன் கையிலிருந்த இடியப்பத்தைத் தட்டில் போட்டான்.

“நீ இல்லாட்டி நாங்களும் இல்லை.”

“விசர்க்கதை கதைக்காதை. இன்னொருக்கால் கூப்பிடுவினமோ?” என்றாள் மகள்.

அவர்கள் வந்தால் நான் தட்டை வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவேன். அன்று போக மனம் வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டே மகளிடம் சொன்னேன்:

“கச்சேரியிலை வித்துவானை நிலத்திலையோ இருத்திறது? உயரமா ஒரு மேடையைப் போட்டு இருத்துங்கோவன்.”

அவள் அதை நோர்வேஜிய மொழியில் சொன்னாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு முகம் சுட்டது. பாட்டுக்காரன் எழும்பி, எங்கள் சாப்பாட்டு மேசையின் உயரத்தைத் தன் இடுப்போடு வைத்துப் பார்த்தான்.

நிலவறையில் மரப்பெட்டி ஒன்று செய்தார்கள். அதன் பக்கங்களில் எங்கள் மூன்று கட்டடங்களையும் வரைந்து, யன்னல்களுக்கு மஞ்சள் பூசினார்கள். நான் மேலே விரிக்க ஜமுக்காளம் கொடுத்தேன்.

“இதிலை சப்பாத்தோடை ஏறக் கூடாது எண்டு சொல்லு.”

“கடைசிப் பாட்டுக்கு நான் எதிலையாவது ஏற வேணுமே” என்றான் பாட்டுக்காரன்.

“கழட்டிப்போட்டு ஏறட்டும்.”

“அம்மா, அவன்ரை சப்பாத்து முழங்கால்வரைக்கும் கயிறு கட்டினது” என்று மகள் சிரித்தாள்.

மண்டபத்துக்காரர் ஒத்திகையில் மகளைப் பெட்டியில் இருத்திவிட்டுக் கடைசிச் சுவர்வரை நடந்து போய்த் திரும்பிப் பார்த்தார். தலையை ஆட்டினார். வேறு வயலின்காரரைப் பற்றி அதன் பிறகு பேச்சே இல்லை.

கச்சேரிக்குப் பாதி ட்வெய்ட்டா சுரங்க ரயிலில் வந்திருந்தது. கடைசிப் பாட்டில் பாட்டுக்காரன் பெட்டியை நோக்கி ஓடினான். அப்படியே நின்றான். மேடையில் குந்தியிருந்து கயிறு அவிழ்க்கத் தொடங்கினான். மகள் அந்த மெட்டைப் பிடித்து இழுத்து இழுத்து, எங்கள் ஆலாபனை மாதிரியே நீட்டினாள். சனம் கயிறு அவிழ்வதற்குத் தாளம் போட்டது. முதல் சப்பாத்துக் கழன்றபோது கூரை அதிர்ந்தது. பெருவிரல் தெரியும் சொக்ஸோடு அவன் அவளருகில் ஏறி நின்று பாடினான். எல்லோரும் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூடவே பாடினார்கள்.

சுவரோரம் நின்ற என்னிடம், நல்ல கோட்டுப் போட்ட ஒரு பெண், இவர்கள் எந்த இடத்தவர்கள் என்று கேட்டார்.

“ட்வெய்ட்டா” என்றேன். அவர் கேட்காமலே, மேலே இருந்து வாசிப்பவள் என் மகள் என்றும் சொன்னேன்.