யாம்னா கேட்ட பாலம்

மொராக்கோவின் அட்லஸ் மலைக் கிராமம் ஒன்றில் ரொட்டி சுட்டு விற்றுப் பிழைத்தவள் யாம்னா. காசாபிளாங்காவின் பணக்காரக் குடும்பம் ஒன்று, இறந்துபோன தங்கள் மகள் பெயரில் நடத்திய அறக்கட்டளைதான் அவளுக்கு அடுப்பு வாங்கக் கடன் கொடுத்தது. பள்ளிக்கூடம் ஆற்றுக்கு அக்கரையில் இருந்ததால், பெண்பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்க விடுதியும் கட்டியது. விடுதி திறக்க இரண்டு மாதம் இருக்கும்போது, பள்ளிக்குப் போக ஆற்றில் இறங்கிய யாம்னாவின் ஒரே மகள் தித்ரீத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது.

திறப்பு விழாவுக்கும் யாம்னாதான் ரொட்டி சுட்டாள். கைகள் தம்பாட்டுக்கு மாவு பிசைந்தன. மனசு மரத்துக் கிடந்தது. அறக்கட்டளையின் தலைவி லல்லா பதீஆ அடுப்படிக்கே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்பத்தான் சொன்னாங்க, யாம்னா. இந்த விடுதிக்கு உன் மக பேரையே வச்சிடுறேன்."

"உங்க மக பேரு இருக்கே, லல்லா. அது அப்படியே இருக்கட்டும்."

"அப்ப உனக்கு என்னதான் செய்யட்டும்?"

"ஆத்துக்கு ஒரு பாலம் போட்டுக் குடுங்க." மாவு மூட்டை கேட்பதுபோல்தான் சொன்னாள்.

"முன்னாடியே கேட்டிருக்கலாமேம்மா?"

"கடன் வேணுமா, விடுதி வேணுமான்னுதான் உங்ககிட்டேர்ந்து வந்தவங்க கேட்டாங்க."

லல்லா பதீஆ அழுதுவிட்டார். யாம்னாவுக்கு அழுகை வரவில்லை.

"ரொட்டி கருகுது, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றாள்.

மறு வசந்தத்தில் பாலம் வந்தது. தினமும் காலையில் விடுதிக்கான ரொட்டிக்கூடையோடு யாம்னா அதன்மேல் நடந்து போகிறாள். அவளை முந்திப் பள்ளிக்கு ஓடும் பிள்ளைகள் ஸலாம் சொன்னால் பதில் ஸலாம் சொல்கிறாள். கீழே தண்ணீர் இரைவது காதில் விழுகிறது. அவ்வளவுதான்.